மூன்றாம் ஓலைக்கு முன்

தம்பி,

உன் பெயரை இந்தக் காகிதத்தில் எழுதவில்லை. வேறு யார் கையிலாவது விழுந்தால், இதில் உள்ள வெட்கம் எழுதியவளோடு நிற்கட்டும். நேற்று ஞாயிறு பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். எண்ணூரில் வேலை என்று நீ வரவில்லை. சாமியார் உன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார், பிறகு ஜெயமணியின் பெயரைச் சொன்னார், கடைசியில் எப்போதும் சொல்கிற அந்த வாக்கியத்தையும் சொன்னார். இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ராயபுரத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தக் கோவிலில் எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன். அந்த இடம் வரும்போது நாங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்வோம், மடியில் தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்போம், யாரும் காதில் வாங்க மாட்டோம். நேற்று அது எனக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஜெயமணியின் அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தவள், சோறு குழைந்து அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. அதற்குப் பிறகு யாரும் எதையும் தடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் பேசிப் பார்க்காமல் இல்லை. போன மாதம் நீ பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கேட்டேன், நினைவிருக்கும். "என்ன ஊசிடா போட்டுக்கிட்டே தபசு காலத்துல?" என்றேன். "சத்து ஊசிம்மா" என்றாய். "சத்து ஊசிக்கு வாரா வாரம் சாய்ஞ்சா உக்காருவாங்க?" என்றதற்கு, "பள்ளிக்கூடத்த வுட்டும் கேள்வி கேக்குறத வுடல நீ" என்று சிரித்துவிட்டுத் தட்டோடு எழுந்து போனாய். நீ எழுந்து போக முடியாதபடி பேச எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவதுதான்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தபசு காலத்து நோன்பு நாட்களில் டோல்கேட் பக்கத்துச் சந்தில் ஒருவரிடம் நீ ஊசி போட்டுக்கொண்டாய். பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டு மாதத்தில் உனக்குக் கண் மஞ்சளானது. நம் தெரு மீன்காரி அஞ்சலை கீழாநெல்லியை மோரில் அரைத்துக்கொண்டு வந்தாள். உன் கண் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பனாட்டமே பூத்துகீது, டீச்சரம்மா" என்றாள். அவள் வாஞ்சையாகத்தான் சொன்னாள். என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். காமாலை இறங்கியது, நீ வேலைக்குப் போனாய், அந்தச் சந்துக்குப் போவதை நிறுத்தினாய். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி என் சந்தேகம். அது தப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள். சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் உன் அப்பாவைப் பற்றி நான் இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம் உனக்கு நினைவிருக்கும். என் பள்ளியை மூடிவிட்டார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்த உன் அப்பாவுக்கு விடுப்புக் கிடையாது, இங்கேயே இருந்தார். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சிப்பாய்களும் கப்பல்காரர்களும் வந்து போன காலம். எங்கே போனார், யாருடன் போனார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை, இப்போதும் தெரியாது. ஆறேழு மாதம் கழித்து நாம் திரும்பி வந்தபோது அவர் வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே ஒரு ஊசி. இரண்டு நாள் சாய்ந்துதான் உட்காருவார். வெயிலில் நின்று நரம்பு தளர்ந்துவிட்டது, அதற்காக என்றார். நான் நம்பினேன் என்று சொன்னால் பொய். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்பக்கத்து வராந்தாவில் ஆண்கள் வரிசை, முப்பது நாற்பது பேர். துறைமுகக் கூலிகள், கொருக்குப்பேட்டை ரயில்வே ஆட்கள், இரண்டு மூன்று கோட்டு போட்டவர்கள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை யாரும் கவனிக்கவில்லை. ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம், "இன்னா மாமு, உனுக்கு எத்தினியாவது ஊசி?" என்றான். "பதினாலு. சல்லடையா பூட்டேன், தண்ணி குடிச்சா ஒழுவுது" என்றான் மற்றவன். "பொம்பள சீக்குக்கு இது ஒண்ணுதான் மருந்து, ஒழுவுனா ஒழுவட்டும்." வரிசையே சிரித்தது. அவர்களுக்கு நடுவில் உன் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எந்த வியாதிக்கு எந்த வரிசை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. பொம்பள சீக்கு என்கிறார்கள். அந்த வராந்தாவில் அன்றைக்கு இருந்த ஒரே பொம்பளை நான்தான், சாப்பாட்டுத் தூக்கோடு.

அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். கம்பவுண்டர் ஒரே கண்ணாடிச் சிரிஞ்சை வைத்துக்கொண்டு ஒருவருக்குப் பின் ஒருவராகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆள் முடிந்ததும் எனாமல் தட்டில் இருந்த தண்ணீரில் அதை ஒரு அலசு அலசி, அடுத்த ஆளுக்கு மருந்தை இழுத்தார். தட்டுத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. "சீக்கிரம் வா, இன்னும் இருபது பேரு கீறாங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆளுக்கும் தோன்றியிருக்காது. நான் யார் என்று யோசித்துப் பார். ஒரு வருஷம் வகுப்பில் பாதிக் குழந்தைகளுக்குக் கண் சிவந்து நீர் கொட்டியபோது, எல்லோரும் ஒரே துண்டில் முகம் துடைப்பதால்தான் என்று கண்டுபிடித்து, அந்தத் துண்டை எடுத்து எரித்தவள். ஒவ்வொரு பிள்ளையும் தனித்துணி கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டவள். துண்டைப் பற்றித் தெரிந்தவளுக்குச் சிரிஞ்சைப் பற்றித் தெரியவில்லை. வெட்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, தம்பி.

தூக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் போயிருக்கும், அவருக்குக் காமாலை வந்தது. இதை நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன்: அவர் கண் மஞ்சளானதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வியாதி வீட்டுக்கு வந்துவிட்டது. பள்ளியில் சொன்னேன், கோவிலில் சொன்னேன். தெருவே வந்து பார்த்தது. அஞ்சலை ஒன்பது நாள் விடியற்காலையில் மீன் கூடைக்குப் போவதற்கு முன்னால் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தாள். ஊசி விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, என்ன ஊசி என்று தெரியாது. "அந்த ஊசிதான் ரத்தத்த கலீஜ் பண்ணிடுச்சு. இனிமே அத்த தொடாத சார், எல்லாம் பச்சிலையே பாத்துக்கும்" என்றாள். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். "அஞ்சலை சொல்றது சரிதான். இனி ஊசி வேண்டாம்" என்றேன். படிப்பில்லாதவள் வாயிலிருந்து வந்த யோசனை, ஆனால் உத்தரவு போட்டவள் நான். வியாழக்கிழமைகளில் அந்த வராந்தாவில் அவர் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அன்றோடு தீர்ந்தது. காமாலை இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் எனக்கு ஏழாம் மாதத்தில் ஒன்று உயிரில்லாமல் பிறந்தது. அதற்கு அடுத்த வருஷம் தெரேசா பிறந்தாள். உனக்கு அவளை நினைவிருக்கும், நீதான் அவளுக்குத் தொட்டில் கயிறு கட்டினாய். பிறக்கும்போதே தோல் மஞ்சள். வயிறு உப்பி, ஈரல் விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும் அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளங்காலில் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என் கையைப் பிடித்து, "டீச்சர், உங்கள் ரத்தம் கொஞ்சம் எடுக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரருடையதும்" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். "குழந்தைக்குக் காமாலை. என் ரத்தம் எதற்கு?" என்றேன். மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு டீச்சரின் கையிலிருந்து அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதா என்ற ஆங்காரம். பதினோராம் நாள் பகலில், சாமியார் வருவதற்குள் நானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். பெயர் சொல்லி முடித்தேன், மூச்சு நின்றது. உன் தங்கை காமாலையில் போனாள் என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய். அவள் போனது அப்பாவிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவளுக்கும் வந்த மேகநோயில். ரத்தம் கொடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று நான் அந்த டாக்டரைப் பிறகு பல தடவை பார்த்தும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து பெனிசிலின் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்த பிறகு அதே லேடி டாக்டரிடம் நானாகப் போய்க் கையை நீட்டினேன். அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டோம், அந்த வியாதி எங்களை விட்டது. ஆனால் அப்பாவின் ஈரல் கெட்டிப்பட்டிருந்தது. டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "உங்கள் வீட்டில் இரண்டு வியாதி, டீச்சர். மேகநோய் ஒன்று. அதற்குப் போட்ட ஊசியில், இன்னொருவருடைய ரத்தத்தோடு வந்த காமாலை ஒன்று. கண்ணில் தெரிந்தது இரண்டாவது. அது தணிந்ததும் முதலாவதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டீர்கள். அந்தக் காமாலையும் முழுக்கப் போகவில்லை, சிலருக்கு உள்ளேயே இருந்து ஈரலைத் தின்னும்." எனக்கு அந்த எனாமல் தட்டும் சிவந்த தண்ணீரும் கண் முன்னால் வந்து நின்றன.

அப்பா வயிறு வீங்கிச் செத்தது உனக்குத் தெரியும். சாவு வீட்டில் உன் சித்தப்பா வாசலில் நின்று, "மனுசன் எங்க பூந்து எங்க குடிச்சானோ, ஈரல் வெந்துபூட்ச்சு" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயம் குடித்தார் என்று தெரு பேசிக்கொண்டது. உன் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, தம்பி. எனக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. குடிகாரன் என்ற பெயர் இன்னொரு பெயரைவிடச் சின்னதாகத் தோன்றியது. நாற்பதாம் நாள் பூசையில் நீ மாதா பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு, செத்தாலும் குடியைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தாய். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். இன்றைக்கு வரை நீ அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய், உன் தோஸ்துகள் கேலி செய்தாலும். அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போகிறாய். அவர் செய்யாத தப்புக்காக நீ அவரை வெறுக்க நான் விட்டேன். எந்த வாசலைப் பார்த்து நீ ஜாக்கிரதையாக நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான், உன்னை வேறு வாசலில் காவல் நிற்க வைத்துவிட்டேன். நான் செய்ததில் இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரேசா விஷயத்தில் எனக்கு அறியாமையும் ஆங்காரமும் இருந்தன. இதில் அறியாமை இல்லை.

யாரிடம் போனாய், எப்போது போனாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன்னைக் கெட்டவன் என்று நினைக்கவும் இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் தடுக்கி விழாத பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. விழுந்த காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் புண் சீழ் பிடித்தது. ஒரு பெண், ஆணி குத்தியதைச் சொன்னால் அடிப்பேனோ என்று பயந்து, இரண்டு நாள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கு வந்தாள். மூன்றாம் நாள் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார் தெரியுமா? ஜெயமணி. மூன்றாம் வகுப்பு. தன் சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தோழியின் சிலேட்டையும் துடைத்து வைத்துக்கொண்டு, அவள் திரும்பி வருவாள் என்று ஒரு வாரம் இடம் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெண்ணைத்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிறாய். நான் அழுதது போல அவள் அழக்கூடாது, அவள் கையால் எந்தக் குழந்தைக்கும் அவசரமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சந்துக்காரரிடம் இனிப் போகாதே. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வா. லேடி டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லாமல் பேசி வைத்திருக்கிறேன், ஆண்களைப் பார்க்கும் டாக்டரிடம் அவரே அனுப்பி வைப்பார். ரத்தம் கொடு. உனக்கு என்ன ஊசி எத்தனை போட்டார்கள், எதில் நிறுத்தினாய், எப்போது கண் மஞ்சளானது, எல்லாவற்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல். ஈரலையும் பார்க்கச் சொல். ஒன்றும் இல்லை என்றால் நானே உனக்கு முன்னால் சிரிப்பேன். இருக்கிறது என்றால் போட வேண்டிய ஊசி அத்தனையும் போட்டு முடியும் வரை ஓலையை நிறுத்தச் சொல்லலாம். சாமியாரிடம் நீயே போகலாம், காரணம் கேட்டால் சுகமில்லை என்றால் போதும், அது உண்மைதான். நின்ற ஓலையை மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்கள், அதற்காக யாரும் செத்ததில்லை. ஆனால் ஜெயமணிக்கு மட்டும் உண்மை முழுவதும் தெரிய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. வேண்டும் என்றால் அது உன் அதிர்ஷ்டம்.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கக்கூடாது. கோவிலில் எழுந்து நின்று உன்னைத் தலைகுனிய வைக்க மாட்டேன். மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஜெயமணியின் வீட்டுக்குப் போவேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், உன்னைப் பற்றி எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. என்னைப் பற்றிச் சொல்வேன். அப்பாவையும் தெரேசாவையும் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதியதையெல்லாம் ஜெயமணியையும் அவள் அம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டு வருவேன். அதற்குப் பிறகு எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். தெருவில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். அப்பாவைப் பற்றிப் பேசியபோது சும்மா இருந்தவள்தானே நான்.

இந்தக் கடிதத்தை அஞ்சலை கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு அவள் எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறால் எடுக்க வருகிறாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா டீச்சரம்மா, வாரா வாரம் வூட்டுக்கு வர்ற புள்ளைக்கு லெட்டரு?" என்று கேட்டாள். கல்யாண விஷயம் என்றேன். அதுவும் பொய் இல்லை. அவள்மேல் கோபப்படாதே. அவள் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்தாள். தெரிந்தே மறைத்தவள் நான் ஒருத்திதான்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு டோல்கேட் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். புதுச் சிரிஞ்சு ஒன்றும் இரண்டு ஊசியும் வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு மட்டும். புறப்படுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, சுத்தத் துணியில் சுற்றி, தூக்கில் வைத்துக் கொண்டுவருவேன். கொதிக்க வைக்க ஏற்ற பாத்திரம் வீட்டில் வேறு இல்லை, அன்றைக்கு என் கையிலிருந்து விழுந்து நசுங்கிய அதே செம்புதான். யார் போட்டாலும் இதில் போடச் சொல், கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு வா. வெறும் வயிற்றில் அந்த ஊசி போட்டால் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

உன் அம்மா